கவரை அவிழ்த்துக் கொட்டுங்கள்: பெங்களூரு உணவக உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உணவக, கேன்டீன் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

மீந்த சோறும் இட்லியும் சாம்பாரும் எடுக்க உங்கள் பின்வாசலுக்கு இரவில் வரும் டெம்போக்களில் ஒன்று எங்களுடையது. ஓசூர் சாலைப் பக்கம் பன்றி வளர்க்கிறோம். நான் கேட்க வந்தது ஒன்றுதான்: உணவைப் பிளாஸ்டிக் கவரோடு பேரலில் போடாதீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஒரே பேரலிலிருந்து 38 கவர்களை எடுத்தேன். முழங்கை வரை கையை விட்டுத் துழாவித்தான் எடுக்க வேண்டும். விற்காமல் நின்ற பார்சல்கள். ரப்பர் பேண்ட் சுற்றிய சாம்பார், எண்ணெய் ஊறிய பூரி மசால். கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் சில கவர்கள் இளகிச் சுருங்கிப் பருப்போடு ஒட்டிக் கிடந்தன. நோய் பரவாமல் இருக்க, ஓட்டல் உணவை வேகவைத்துத்தான் பன்றிக்குப் போட வேண்டும். என் கைக்குத் தப்பிய கவர் கொப்பரையில் மறுபடியும் வேகிறது. அன்று ஒரு குட்டியின் வாயோரம் நீலக் கிழிசல் தொங்கியது. விரலை விட்டு இழுத்தேன், ஒரு சாண் நீளம் வந்தது. பால் மறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டி அது.

அந்த வயதில்தான் குட்டியின் குடல் தீவனத்துக்குப் பழகுகிறது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் நிலைகுலைந்தால் கழிச்சல் கண்டு இரண்டே நாளில் துவண்டுவிடும். கவரை இழுத்து எடுத்துவிட்டேன். உணவில் கசிந்து இறங்கியதை எப்படி எடுப்பேன்? பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் அதோடு வேதிப்பிணைப்பில் கட்டுண்டவை அல்ல. சூடும் எண்ணெயும் பட்டால் வெளியே வரும். மலிவான கவரில் என்ன கலந்திருக்கிறது என்று அதை விற்பவருக்கே தெரியாது. பிஸ்பீனால் ஏ என்ற இன்னொரு பிளாஸ்டிக் வேதிப்பொருளை இளம் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்த போலந்து ஆய்வாளர்கள், குடல் நரம்பணுக்களிலும் நுண்ணுயிர்களிலும் மாற்றங்களைக் கண்டார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பொருள் மனித உடலுக்குள் தினமும் எவ்வளவு போகலாம் என்ற வரம்பை 2023-இல் 20,000 மடங்கு குறைத்தது.

"பன்றிக்குத்தானே அம்மா" என்றார் உங்களில் ஒருவரின் மேலாளர். ஆய்வுக்குப் பன்றியை எடுப்பதே அதன் குடல் மனிதக் குடலை ஒத்திருப்பதால்தான் ஐயா. விற்காத பார்சல் எங்கள் தொட்டிக்கு வருகிறது. விற்றது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் போகிறது. கர்நாடகத்தில் பிளாஸ்டிக் கவருக்கு 2016 மார்ச்சிலேயே தடை வந்துவிட்டது. இட்லித் தட்டில் பிளாஸ்டிக் தாள் விரிப்பதற்கு எதிராக 2025 பிப்ரவரியில் அரசே நடவடிக்கை எடுத்தது. இவ்வளவுக்குப் பிறகும் சுடச்சுடச் சாம்பாரைக் கவரில் ஊற்ற உங்களுக்கு மனம் வருகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உணவால்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது, அதை மறக்கவில்லை. கவரை அவிழ்த்து, உணவை மட்டும் பேரலில் கொட்டச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவும் பிள்ளைகளுக்கு அதற்கென்று ஐந்து நிமிடம் விடுங்கள். வரும் திங்கட்கிழமை முதல் எங்கள் டெம்போவில் கவர் போடுவதற்கென்று தனிச் சாக்கு வரும். அது நிரம்பினாலும் நானே எடுத்துப்போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பின்வாசலுக்கு வரும் பன்றி வளர்ப்பவள்