ரசீதுல எங்க அம்மா பேர் ஏன் "மரயய" ஆச்சு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். போன மாசம் எங்க அம்மா பேர்ல கோயில்ல ஒரு உபயம் கட்டுனோம். கவுண்டர்ல இருந்த தம்பி பேரை டைப் பண்ணாரு, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன், ஸ்கிரீன்ல "மாரியாயி"ன்னு சரியாத்தான் இருந்துச்சு, ஆனா பிரிண்டர்ல இருந்து வந்த ரசீதுல "மரயய". நாலு எழுத்து நின்னுச்சு, ரெண்டு துணைக்காலும் (ா) ரெண்டு மேல்விலங்கும் (ி) காணாப் போச்சு. பூஜை நேரத்துல குருக்கள் அதே லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு மைக்ல பேர் படிச்சாரு, எங்க முறை வந்ததும் தடுமாறி நின்னுட்டாரு, அம்மா முன்வரிசையில தான் கும்பிட்டபடி உக்காந்திருந்தாங்க.

இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல பால்மரம் சீவுனவங்க. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கு எடுக்கற இடத்துக்குப் போய் நின்னா கிராணி (தோட்டத்துக் கணக்கர்) செக்ரோலை, அதாவது ஆள் பதிவு நோட்டைப் பார்த்துக் கூப்பிடுவாரு, அந்த நோட்டுல அம்மா பேர் ஒரு மாதிரி, ஐசியில (அடையாள அட்டையில) வேற மாதிரி, எங்க சூராவுல (பிறப்புப் பத்திரத்துல) இன்னொரு மாதிரி, எல்லாம் யார் யாரோ காதுல விழுந்தபடி ரோமன் எழுத்துல எழுதுனது. தோட்டத்து ஜனங்க பேர் தமிழ்ல முழுசா, சரியா எழுதப்படுற இடமே கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் தான். அதுலயும் கை வைக்கலாமா?

நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கறவன், அதனால கோயில் தலைவர்கிட்ட கேட்டு அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். தப்பு ஒரே வரியில இருந்துச்சு. பேர்ல எழுத்து, எண், இடைவெளி மட்டும் இருக்கணும், மத்ததெல்லாம் நீக்கிடுன்னு எழுதி வச்சிருக்காங்க. பாதுகாப்புக்காக அப்படிச் செய்யறது வழக்கம் தான். ஆனா "எது எழுத்து"ன்னு எந்த டேபிளைக் கேக்கறோம், எப்படிக் கேக்கறோம்ங்கறது தான் விஷயம்.

ஆங்கிலத்துக்கு இது ரொம்ப சுலபம். பழைய ஆஸ்கி முறையில மொத்தமே 128 குறி, 128 கட்டம் போட்ட ஒரு டேபிள் வச்சா போதும், ஒவ்வொரு கட்டத்துலயும் இது எழுத்து, இது எண், இது இடைவெளின்னு குறிச்சு வச்சுட்டா ஒரு எண்ணைக் கொடுத்து ஒரே தடவையில பதில் வாங்கிடலாம். உலகத்து மொழி எழுத்துக்கெல்லாம் ஆளுக்கு ஒரு எண் கொடுக்கற முறை யூனிகோட், அதுல 11,14,112 இடம் இருக்கு. அத்தனைக்கும் ஒரு கட்டம் போட்டா, கட்டத்துக்கு ஒரு பைட்னாலும் ஒரு எம்பியைத் தாண்டிடும், நாலு பைட்னா நாலு எம்பிக்கு மேல. இந்தக் கணக்கைச் சொல்லித்தான் அந்தப் புரோகிராம் எழுதுனவர் எனக்குப் போன்ல பதில் சொன்னாரு, "அண்ணே முழு டேபிளையும் போட்டா ஸ்லோ ஆயிடும், கோயில் கம்ப்யூட்டர் பழசு"ன்னு. அவர் மேல எனக்குக் கோவம் இல்ல, யாரும் அவருக்குச் சொல்லித் தரல, ஆனா அவர் சொன்ன காரணம் சரியில்ல.

டேபிளை ரெண்டு அடுக்கா வைக்கணும். தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு இது உடனே புரியும். தபால் வந்தா முதல்ல எந்த லயம் (வரிசை வீடு), அப்புறம் அந்த லயத்துல எத்தனாவது கதவுன்னு தானே பார்ப்போம்? அதே மாதிரி மொத்த இடத்தையும் 128 128-ஆ வெட்டுனா 8,704 லயம் வரும். "ம"வோட எண் 2990. அதை 128-ஆல வகுத்தா 23, மீதி 46. அப்போ பூஜ்யத்துல இருந்து எண்ணுனா 23-ஆவது லயம், 46-ஆவது கதவு. துணைக்கால் 3006, அதே லயம், 62-ஆவது கதவு. மேல்விலங்கு 3007, பக்கத்துக் கதவு. தமிழுக்குன்னு ஒதுக்குன 2944-ல இருந்து 3071 வரைக்கும் சரியா அந்த ஒரு லயத்துக்குள்ள அடங்கிடும், எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமா இருக்கும்.

ஒரே மாதிரி இருக்கற லயத்தை எத்தனை தடவை எழுதணும்? ஒரு தடவை எழுதுனா போதும். சீன எழுத்துல முக்கியமான தொகுதி மட்டும் 20,992, அது 164 லயம், எல்லாக் கதவுலயும் "எழுத்து"ன்னு ஒரே பதில். அந்த 164-க்கும் ஒரே லயத்தைக் கை காட்டிடலாம். இன்னும் யாரும் குடிவராத காலி லயங்கள் ஆயிரக்கணக்குல இருக்கு, அதுக்கெல்லாம் சேர்த்து ஒண்ணு போதும். இப்படிச் சுருக்குனா ஒரு எம்பி டேபிள் சில பத்து கிலோபைட்ல வந்து நின்னுடும், வாட்சப்ல வர்ற ஒரு குட்மார்னிங் படத்தை விடச் சின்னது. வேகமும் குறையாது, ரெண்டு தடவை பார்த்தா பதில். பெரிய டேபிளை விட இது ப்ராசசர் பக்கத்துலயே இருக்கற கேஷ்ங்கற சின்ன மெமரியில தங்கறதால சில நேரம் இன்னும் வேகமாவே ஓடும். பைத்தான்ங்கற புரோகிராம் மொழி தனக்குள்ள இப்படித்தான் ரெண்டு அடுக்கா வச்சிருக்கு. யாரும் புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்ல.

ஆனா டேபிள் சரியா இருந்தாலும் கேள்வி தப்பா இருந்தா பேர் உடைஞ்சிடும். யூனிகோட் கணக்குல "ம" ஒரு எழுத்து, துணைக்கால் எழுத்து இல்ல, அது சேர்ந்து வர்ற குறி. அதனால "எழுத்தா?"ன்னு மட்டும் கேட்டா அது இல்லைன்னு தான் சொல்லும், அம்மாவுக்கு நடந்தது இது தான். குறியிலயும் ரெண்டு வகை இருக்கு, இடம் பிடிக்கறது, இடம் பிடிக்காதது. துணைக்கால் முதல் வகை, புள்ளியும் ஈகாரக் குறியும் ரெண்டாவது வகை, ஒண்ணை மட்டும் சேர்த்தா இன்னொண்ணு போயிடும். இன்னும் சிலர் "அகரவரிசையைச் சேர்ந்ததா"ன்னு கேப்பாங்க, அதுக்குத் துணைக்கால் ஆமாம்னு வரும், புள்ளி இல்லைன்னு வரும், "பாக்கியம்" அப்போ "பாககியம" ஆயிடும். அதனால எழுத்து, ரெண்டு வகைக் குறி, எண், நாலையும் சேர்த்துக் கேக்கணும். நம்ம பாலர் வகுப்புல உயிர்மெய் ஒரே எழுத்துன்னு படிச்சோம், மெஷின் அதைப் பிரிச்சு வச்சிருக்கு, அதை மனசுல வச்சுத்தான் கோட் எழுதணும்.

தமிழ் எண்ணு 2944-ல இருந்து 3071 தானே, கையாலயே எழுதிக்கறேன்னு சிலர் சொல்றாங்க. 2019-ல பழைய கணக்குக் குறிகள், பின்னங்கள் எல்லாம் யூனிகோட்ல சேர்ந்துச்சு, அதுங்க இருக்கறது ரொம்பத் தள்ளி, 73,664-ல இருந்து. கையால எழுதுனா அதெல்லாம் விட்டுப் போயிடும். யூனிகோட் வெளியிடற ஃபைல்ல இருந்து டேபிளைத் தானா உருவாக்கிக்கறது தான் முறை.

தமிழ் டைப் பண்ற முரசு அஞ்சலும் செல்லினமும் நம்ம நாட்டுல இருந்து போனது, தமிழைக் கம்ப்யூட்டர்ல எழுத உலகத்துக்கே உதவுன மண்ணு இது. இங்கயே ஒரு கோயில் ரசீதுல பேர் உடைஞ்சு வர்றது மனசுக்குக் கஷ்டமா இருக்கு. லீவு நாள்ல பிள்ளைங்களுக்குக் கோடிங் கத்துக் கொடுக்கற வாத்தியாருங்க இந்த ரெண்டு அடுக்கு டேபிளை ஒரு பாடமா எடுங்க, ஒரு மணி நேரம் போதும், பிள்ளைங்க தன் பேரையே வச்சு லயமும் கதவும் கணக்குப் போடட்டும். கோயில், கூட்டுறவுச் சங்கம், தமிழ்ப்பள்ளின்னு யார் புரோகிராம் வாங்குனாலும் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி மாரியாயி, பாக்கியம், ஸ்ரீதேவி இந்த மூணு பேரையும் டைப் பண்ணி பிரிண்ட் எடுத்துப் பாருங்க, ஸ்கிரீன்ல பார்த்துட்டு விட்டுடாதீங்க.

எங்க கோயில்ல அந்த வரியை மாத்தி டேபிளையும் வச்சுக் கொடுத்துட்டேன். வர்ற ஆடி வெள்ளிக்கு அம்மா பேர்ல மறுபடியும் எழுதியிருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேரா.