தோட்ட வேலைக்குப் போய்விட்ட அண்ணாவுக்கு

2025 செப்டம்பர்

அன்புள்ள அண்ணா,

ஓக்லஹோமாவிடம் நம் மிச்சிகன் தோற்ற ஆட்டம் முடிந்து காரில் திரும்பும்போது நள்ளிரவில் நீங்கள் அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "முடிஞ்சுது. இனிமே சனிக்கிழமைன்னா தோட்ட வேலைதான்." அதற்கப்புறம் ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. சென்ட்ரல் மிச்சிகன் ஆட்டத்தன்று மூன்று தடவை கூப்பிட்டேன். நான்காவது தடவை அண்ணி எடுத்து, "அவர் பின்னாடி புல்லு வெட்டிட்டு இருக்காருப்பா" என்றார். டல்லாஸ் வெயிலில், செப்டம்பரில், ஆட்டம் நடக்கிற நேரம் பார்த்துப் புல் வெட்டுகிறீர்கள்! போனை நீங்கள் எடுப்பதாக இல்லை. அண்ணி என் பதிவுகளைப் படிப்பார் என்று தெரியும், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

(மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இது நம்மூர் கால்பந்து இல்லை. தலையில் ஹெல்மெட், கையில் முட்டை வடிவப் பந்து, நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் நகர வேண்டும். அமெரிக்காவில் கல்லூரி அணிகள் ஆடும் இந்த ஃபுட்பாலுக்குச் சனிக்கிழமைகள் நேர்ந்துவிடப்பட்டவை. அண்ணாவும் நானும் படித்தது ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில்.)

உங்கள் கோபம் புரியாமல் இல்லை. மூன்று மணி நேரம் கார் ஓட்டி நார்மனுக்குப் போய், எண்பதாயிரம் சிவப்புச் சட்டைகளுக்கு நடுவில் மகனுக்கு மஞ்சள் ஜெர்சி மாட்டி உட்கார வைத்து, 24-13 என்று தோற்பதைப் பார்ப்பது கொடுமைதான். இரண்டாம் பாதியின் முதல் முயற்சியிலேயே நம் ஜஸ்டிஸ் ஹேன்ஸ் 75 கஜம் ஓடியபோது நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். சரி, பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஒன்றும் இல்லை. நம் ப்ரைஸ் அண்டர்வுட் எறிந்த 24 பாஸில் கைக்குப் போனது 9. ஓக்லஹோமாவின் ஜான் மாட்டீரோ எறியவும் செய்தான், ஓடவும் செய்தான், நம் தடுப்பு ஆட்டக்காரர்கள் அவனுக்கு வழி விட்டு நின்றார்கள். நியூ மெக்சிகோவை 34-17 என்று வென்ற முதல் வாரத்தில், "இந்தப் பையன் ஒருத்தன் போதும், பத்து வருஷக் கவலை தீர்ந்துச்சு" என்று சொன்னவரும் நீங்கள்தான். ஏழு நாளில் பையன் தேறமாட்டான், கோச் தேறமாட்டார், அணியே தேறாது!

அந்த அண்டர்வுட் எந்த ஊர்க்காரன், எப்போது பிறந்தவன் என்று பார்த்தீர்களா? நம் பழைய வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற பெல்வில்தான் அவன் வளர்ந்த ஊர். பிறந்தது 2007 ஆகஸ்ட். அதைப் படித்ததும் எனக்குள் என்னவோ செய்தது. நான் இரண்டு பெட்டியும் ஒரு பிரஷர் குக்கருமாக ஆன் ஆர்பரில் இறங்கியது அதே ஆகஸ்டில்தான். அப்பலேச்சியன் ஸ்டேட் ஆட்டத்துக்கு நீங்கள் என்னைக் கூட்டிப்போன அன்று இவன் கைக்குழந்தை.

2007 செப்டம்பர் 1. உங்கள் ரூம்மேட் படிப்பு முடித்துப் போனதால் சீசன் டிக்கெட் ஒரு செட் மிச்சம் இருந்தது. "வாடா, முதல் மேட்ச் சும்மா வார்ம்-அப்தான். பேரே அப்பலேச்சியன். அப்பளம் மாதிரி நொறுக்கிடுவாங்க" என்றீர்கள். நமக்கு நாட்டில் ஐந்தாம் இடம். அவர்கள் வட கரோலினா மலையில் பூன் என்ற சிறிய ஊர்க்காரர்கள், ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடுபவர்கள். அந்தப் பிரிவில் முந்தைய இரண்டு வருடமும் அவர்கள்தான் சாம்பியன் என்பதை நீங்கள் சொல்லவில்லை. உங்களுக்கே தெரிந்திருக்காது. தோற்கடித்து அனுப்பத்தான் அவர்களை வரவழைத்தது, அதற்கு நான்கு லட்சம் டாலர் கூலியும் உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த மைதானத்தை வெளியிலிருந்து பார்த்தபோது, இவ்வளவுதானா என்று தோன்றியது. உள்ளே போனதும்தான் தெரிந்தது, பாதிக்கு மேல் தரைக்குக் கீழே தோண்டிக் கட்டியிருக்கிறார்கள் என்று. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அன்று அந்தக் கிணற்றில் 1,09,218 பேர். மாணவர் பகுதியில் யாரும் உட்காரவே இல்லை, அலுமினிய பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். என் செருப்பைப் பார்த்து நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

ஆட்டம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் வேகம் புரிந்தது. அவர்களின் டெக்ஸ்டர் ஜாக்சன் குறுக்கே ஓடிவந்து பந்தை வாங்கி 68 கஜம் போனபோது, துரத்தியவர்கள் ஒவ்வொரு எட்டிலும் பின்தங்கினார்கள். ஆர்மான்டி எட்வர்ட்ஸ் என்ற அந்த ஒல்லிப் பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எறிவானா ஓடுவானா என்று கடைசி நொடி வரை காட்டவே இல்லை. மைதானம் முழுக்க ஆட்களைப் பரப்பி நிறுத்தி, நடுவில் உண்டாகும் சந்தில் ஓடுகிற அந்த முறைக்கு நம் ஆட்களிடம் பதிலே இல்லை. பெரிய உடம்பு, கனமான கால். இடைவேளையில் 28-17, அவர்கள் முன்னிலை.

அதற்கப்புறம் நம் மைக் ஹார்ட் கிட்டத்தட்டத் தனி ஆளாக இழுத்து வந்தான். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் 54 கஜம் ஓடி டச்டவுன், 32-31. உங்கள் கை என் தோளில் விழுந்த வலி இப்போதும் ஞாபகம் இருக்கிறது. டச்டவுனுக்கு ஆறு புள்ளி, அப்புறம் பந்தை உதைத்தால் ஒன்று, உள்ளே கொண்டுபோனால் இரண்டு. அன்று இரண்டு தடவை இரண்டுக்கு ஆசைப்பட்டு, இரண்டு தடவையும் பூஜ்யம். பேசாமல் ஒவ்வொன்றாக வாங்கியிருந்தால் கடைசியில் 34-34. இந்தக் கணக்கை நீங்கள் அன்று இரவு சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே எட்டுத் தடவை போட்டீர்கள்.

26 நொடி பாக்கி இருக்கும்போது அவர்கள் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுத்தார்கள், 34-32. அப்போதும் நாம் விடவில்லை. சாட் ஹென்னி நீளமாக எறிய, மரியோ மானிங்ஹாம் எம்பிப் பிடித்தான். 37 கஜத்திலிருந்து ஒரு உதை, போனால் வெற்றி. கோரி லிஞ்ச் பறந்து வந்து பந்தைத் தடுத்து, அதையே எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு ஓட ஆரம்பித்தான்.

இங்கேதான், அண்ணா, என் முதல் குற்றம். அவன் ஓட ஆரம்பித்ததும் நான் கை தட்டினேன். நீங்கள் குனிந்து முகத்தை மூடிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. எந்த அணி நம்முடையது என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது. லட்சம் பேர் வாயடைத்து நிற்க, ஒரு மூலையில் கருப்பும் மஞ்சளுமாகக் கொஞ்சம் பேர் மட்டும் கத்துகிறார்கள். அந்தக் கத்தல் கிணற்றின் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்த பார்வையில்தான் கையை இறக்கினேன்.

அதே வருடம் மார்ச்சில், ஹாஸ்டல் டிவி ரூமில், உலகக் கோப்பையில் இந்தியா வங்கதேசத்திடம் தோற்றதைப் பார்த்தவன் நான். அன்று எனக்கு வலித்தது. இங்கே வலிக்கவில்லை. வலிக்காதவன் ரசிகன் இல்லை என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஓரிகன். டென்னிஸ் டிக்சன் முதுகுக்குப் பின்னால் பந்தைக் கைமாற்றுவதுபோலப் பாவனை காட்டிவிட்டுத் தானே எடுத்துக்கொண்டு எல்லைக்குள் ஓடினான். அவன் உள்ளே போனபின்புதான் நம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். இடைவேளைக்குள் 32-7, முடிவு 39-7. 1968க்கு அப்புறம் மிச்சிகன் அவ்வளவு மோசமாகத் தோற்றது இல்லையாம். ஹென்னி காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். சொந்த ஜனமே ஊளையிட்டது. அந்த ஊளை நடுவில்தான், சொல்லி வைத்த மாதிரி, எனக்கு வலிக்க ஆரம்பித்தது. ஹார்ட் ஒவ்வொரு தடவையும் விழுந்த இடத்திலிருந்து எழுந்து பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறான், இவர்கள் ஊளையிடுகிறார்களே என்று.

நீங்களோ வீட்டுக்கு வந்ததும் நோட்டர் டேம் ஆட்டத்து டிக்கெட் இரண்டையும் மேசையில் போட்டு, "கிடைச்ச விலைக்கு வித்துடு. இனிமே நான் போறதா இல்ல" என்றீர்கள். நான் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் நின்று ஒன்றை விற்றேன். வார இறுதியில் இரண்டுக்குமாக எண்பது டாலரை உங்கள் கையில் கொடுத்தேன்.

பதினெட்டு வருடமாகச் சொல்லாதது இதுதான்: இரண்டாவது டிக்கெட்டை நான் விற்கவே இல்லை. அந்த நாற்பது டாலர் என் சொந்தக் காசு. முதல் ஸ்டைபெண்டுகூட வராத நேரம், அடுத்த இரண்டு வாரம் மதியத்துக்கு ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும்தான். உங்களிடம் லைப்ரரி என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன்.

இரண்டு ஆட்டம் தோற்ற அணியும் இரண்டு ஆட்டம் தோற்ற அணியும் மோதின. ஹார்ட் அந்த வாரம் முன்கூட்டியே ஜெயிப்போம் என்று சொல்லியிருந்தான். 35 தடவை பந்தை வாங்கி 187 கஜம் ஓடி, சொன்னதைச் செய்தான். ஹென்னிக்குப் பதில் இறங்கிய ரயன் மாலெட் முதல் வருட மாணவன், கைக்கு மட்டும் பீரங்கி பலம், குறி எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. ஆனாலும் அன்று போதுமானதாக இருந்தது. 38-0. (மாலெட் 2023இல் கடலில் மூழ்கி இறந்துபோனான், 35 வயது. செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நான் திருட்டுத்தனமாகப் பார்த்த அந்த ஆட்டம்தான்.) சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் டிவியை அணைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள். "எவ்ளோடா?" என்று கேட்டீர்கள். "யாரோ சொன்னாங்க, 38-0" என்றேன். தொண்டை கட்டியிருந்ததை நீங்கள் கவனித்திருக்கலாம்.

அதற்கடுத்த சனிக்கிழமை பென் ஸ்டேட்டை 14-9 என்று வென்றோம். டர்பனில் இந்தியா ஆஸ்திரேலியாவை டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் வென்றதும் அதே நாளில்தான். திங்கட்கிழமை கோப்பை. மார்ச்சில் உருவபொம்மை எரித்த ஊரில் செப்டம்பரில் பட்டாசு வெடித்தார்கள். நீங்களும் அக்டோபருக்குள் மெதுவாகத் திரும்பி வந்துவிட்டீர்கள், டிக்கெட்டை நான் அலமாரியில் வைத்திருந்த இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு. ஜனவரி 1 அன்று ஃப்ளோரிடாவை 41-35 என்று வென்று, கோச் லாய்ட் காரைத் தோளில் தூக்கிக்கொண்டு அவரை வழியனுப்பியபோது நம் வீட்டில் முதலில் அழுதது யார் என்று அண்ணி வேண்டுமானால் உங்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

எனவே உங்கள் செப்டம்பர் தீர்ப்புகளுக்கு எங்கள் வீட்டில் மதிப்பில்லை. 2014இல் அதே அப்பலேச்சியனை 52-14 என்று வென்றதும் "பழி தீர்ந்துச்சு, இந்த வருஷம் நம்மளுது" என்றீர்கள். அந்த வருடம் 5-7, கோச்சின் வேலையும் போனது.

சென்ட்ரல் மிச்சிகன் ஆட்டத்தை நீங்கள் பார்க்கவில்லை, சொல்லிவிடுகிறேன். 63-3. இதை வைத்து ஒன்றும் நிரூபிக்க மாட்டேன். 2007 நோட்டர் டேமும் அந்த வருடம் மொத்தம் மூன்றே ஆட்டம்தான் வென்றது, நம் 38-0 என்ன லட்சணம் என்று அதிலேயே தெரியும். ஆனால் ஒன்று பார்த்தேன். நார்மனில் அண்டர்வுட் நின்ற இடத்திலேயே நின்று எறிந்துகொண்டிருந்தான். இந்த வாரம் அவனை ஓடவிட்டார்கள், நூறு கஜத்துக்கு மேல் ஓடினான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எறிவானா ஓடுவானா என்று கடைசி நொடி வரை காட்டாமல். நம்மை அன்று நொறுக்கிய அதே அப்பளம், அண்ணா, இப்போது நம் தட்டில்.

நெப்ராஸ்கா ஆட்டம் இந்தச் சனிக்கிழமை. உங்கள் ஊர் நேரம் மதியம் இரண்டரை. புல்லைக் காலையிலேயே வெட்டி முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாற்பது டாலர் தம்பி