“சரி, எதுதான் வேண்டும்?” என்று கேட்டவருக்கும், பதில் தேடித் தந்த எல்லோருக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், கால்வாய்க்கு அந்தப்பக்கம் இருக்கும் சொந்தங்களுக்கும், வளைகுடாவிலும், பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் படகிலும் இருந்துகொண்டு குரல் பதிவு அனுப்பிய பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நம் ஊருக்கு 2050 வரை என்னென்ன வேண்டும் என்று எழுதிய வரைவைச் சென்ற வாரம் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. போஸ்டாபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவள் நான். தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துத்தான் வாங்கினேன். கூட்டங்களில் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் இருந்ததால் நன்றி எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. யார் பெயரையும் போடவில்லை. ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த திருவிழா வரை பேச்சு கேட்க வேண்டும். பெயர் போடாவிட்டாலும் யார் யார் என்று ஊருக்குத் தெரியும்.

முதல் நன்றி, நம்மைக் கோபப்படுத்திய ஒருவருக்கு. 2016இல் நம் குமரி மாவட்டத்து இனயத்தில், சரக்குப் பெட்டிகளைக் கப்பல் மாற்றி ஏற்றும் பெரிய துறைமுகத்துக்கு மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தபோது, குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையிலுள்ள மற்ற ஊர்களைப் போல நாமும் தெருவில் இறங்கினோம். அந்த நாட்களில் சாயாக்கடையில் வைத்து அவர் கேட்டார்: “துறைமுகம் வேண்டாம், சரி. உங்களுக்கு எதுதான் வேண்டும்?” அன்று அவரை எல்லோரும் சேர்ந்து திட்டினோம். நானும்தான். திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தால் என்னிடம் பதில் இல்லை. இந்த வேலை அந்த இரவில் தொடங்கியது என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன். அவர் பிறகு எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார், எல்லாவற்றிலும் குறை சொன்னார். வரைவில் எழுத்துப்பிழை கண்டுபிடித்ததும் அவர்தான்.

அடுத்தது, வலை பின்னும் கூடத்தில் இருக்கும் நம் பாட்டாக்கள், அதாவது தாத்தாக்கள். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதப் போகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் எழுத முடியாது என்று முதல் கூட்டத்திலேயே புரிந்துவிட்டது. ஆனால் பழைய கரை எங்கே இருந்தது? ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டினார்கள், எல்லாம் தண்ணீருக்குள். அப்போதுதான், கரையில் நின்று இழுக்கும் கரைமடி வலையை இழுத்தே வயதான ஒரு பாட்டா, கடலடிப் பாறையான ‘பார்’ இருக்கும் இடத்தைப் பிடிக்கும் முறையை வைத்துச் சொன்னார்: “ஆழத்துல பார் கெடக்கிற எடத்த எப்படில பிடிக்கோம்? கரையில ரெண்டு அடையாளத்த நேர் பாத்துத்தான? அதே மாதிரி இதையும் பிடிச்சா போச்சு.” மறுநாள் ஒரு வள்ளத்தில் நாலு பாட்டாக்கள் ஏறினார்கள். கோயில் மணிக்கூண்டுக்குப் பின்னால் மலையின் மூக்கு நேராக வர வேண்டும், இடது கைப்பக்கம் கரும்பாறையும் ஒற்றைப் பனையும் ஒன்றாக வர வேண்டும். இரண்டு நேரும் வெட்டும் இடத்தில்தான் சின்ன வயதில் கட்டுமரம் ஏற்றி வைத்தார்களாம். அந்த இடத்தில் மிதவை போட்டார்கள். கூடப் போன பையன் செல்போனில் இடத்தைக் குறித்துக்கொண்டான்.

அங்கேயே சண்டையும் வந்தது. மணிக்கூண்டு இடித்துக் கட்டியது. பழையது கொஞ்சம் தள்ளி இருந்தது என்று ஒருவர், இல்லை அதே அடித்தளம் என்று இன்னொருவர். மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு பாட்டி தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து வைத்தார். பின்னால் பழைய மணிக்கூண்டு, பக்கத்தில் கிணறு. கிணறு இன்னும் இருக்கிறது. தள்ளி இருந்தது என்றவர் சொன்னதே சரி. அந்தப் படத்தைத் தந்த பாட்டிக்கும், தோற்றும் மறுநாள் கூட்டத்துக்கு வந்த பாட்டாவுக்கும் நன்றி.

பாட்டாக்கள் இப்படிக் குறித்த பழைய கரையை ஒரு கோடாக, ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் பழைய புலப்படத்தின் மேல் வைத்துக் காட்டினார். கூலி கேட்கவில்லை, வெயிலுக்குக் குடை மட்டும் கேட்டார். சில சர்வே எண்கள் முழுசாகக் கடலுக்குள் இருக்கின்றன. பட்டா இருக்கிறது, நிலம் இல்லை.

அந்தக் கோட்டைப் பார்த்துப் பயந்துபோய், கடலைத் தடுக்க ஊர்க் கரை முழுவதும் கல் போட வேண்டும் என்று நாங்கள் எழுதியிருப்போம். எழுதவிடாமல் தடுத்தது கருவாடு காயப்போடும் பெண்கள். கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ட்ரோன் விட்டு எடுத்த படம் ஆடி மாதத்தது. அதைப் பார்த்துவிட்டு அவர்கள் சிரித்தார்கள். “ஆனி ஆடியில போற மணல் கார்த்திகை கழிஞ்சா திரும்ப வரும். தையில வந்து அளந்து பாருங்க.” தையில் அளந்தோம். பாதி இடத்தில் மணல் திரும்பியிருந்தது, கடலுக்குள் கல்லை நீட்டிப் போட்ட தூண்டில் வளைவுக்கு அந்தப்பக்கம் திரும்பவில்லை. கல்லை நீட்டிப் போட்டால் ஒரு பக்கம் மணல் ஏறும், மறுபக்கத்தைக் கடல் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நம் ஊரில் ஏறிய மணல் பக்கத்து ஊரின் மணல் என்று எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அழைத்ததும் வந்து, சாயா குடித்துவிட்டு, கோபமாகப் பேசிவிட்டுப் போனார்கள். புதுத் தூண்டில் வளைவு கேட்கும் முன் அடுத்த ஊரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று வரைவில் ஒரு வரி இருக்கிறதே, அது அவர்கள் தந்தது. மணல் இன்னும் மிச்சமிருக்கும் இடத்தில் மணலைப் பிடித்துவைக்கும் இராவணன் மீசைப் புல்லும் அடும்புக் கொடியும் நட்ட பள்ளிப் பிள்ளைகளையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். வேலி போட்டும் ஆடு மேய்ந்தது. பிள்ளைகள் மறுபடியும் நட்டார்கள்.

(மணல் என்றதும் ஒரு கதை. நம் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட் கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சி மணல் ஆலைக்கு அதுதான் தொடக்கம். நம் மணலுக்கு என்ன எதிர்காலம் என்று நூறு வருஷத்துக்கு முன்பே வெளியே இருந்து ஒருவர் யோசித்துவிட்டார். நாம் இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறோம்.)

நாகர்கோவிலில் இருந்து ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்த வழக்கறிஞருக்குத் தனி நன்றி. கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று சொல்லும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது, 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்டது என்பதையெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கட்டடம் கட்டக்கூடாத தூரம் 200 மீட்டர், 50 மீட்டர் என்று பேசுகிறார்களே, அதை வீட்டு வாசலில் இருந்து அளப்பதில்லை, கடல் ஏறி வரும் எல்லையான உயர் அலைக்கோட்டில் இருந்து அளக்க வேண்டும் என்று மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். மீனவர் பெருகும்போது வீட்டுக்கு இடம் எங்கே என்பதற்கு நீண்டகாலத் திட்டம் போட வேண்டும் என்றும், மீன் காயப்போடும் களம் போன்ற பொது இடங்களை வரைபடத்தில் காட்ட வேண்டும் என்றும் அந்த அறிவிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் ஓர் அலுவலகத்தில் நமக்குக் காட்டிய வரைபடத்தில் வலைக்கூடமும் இல்லை, கருவாட்டுக் களமும் இல்லை. வெறும் மணல் என்று வெள்ளையாக விட்டிருந்தார்கள். அதனால் நாமே வரைந்தோம். எங்கே கரைமடி இழுப்பது, எங்கே வள்ளம் ஏற்றுவது, எங்கே பந்து விளையாடுவது என்று வரைந்த பையன்களுக்கு நன்றி. பந்து விளையாடும் இடத்தை மட்டும் அவர்கள் உள்ளதைவிடப் பெரிசாக வரைந்துவிட்டார்கள். அதை நான் திருத்தவில்லை.

கட்டடக்கலை படிக்கும் நம் ஊர்ப் பெண் வரைந்த படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலோரம் நடைபாதை, விளக்குகள், காட்சிக் கோபுரம். பார்க்கக் கண் கொள்ளாத அழகு. மீன் விற்கும் பெண்கள் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இதுல நாங்க எங்க மக்கா?” என்று கேட்டார்கள். விடியும் முன் ஏலத்துக்கு வந்து நிற்கிறார்கள். கழிப்பறை இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, நிறுத்தத்தில் விளக்கு இல்லை, கூடையோடு ஏறினால் பேருந்தில் முகம் சுளிக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசாமல் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு வேறு படத்தோடு வந்தாள். ஏலக்களம், பக்கத்தில் கழிப்பறை, கூடை இறக்கி வைக்க இடுப்பு உயரத் திண்ணை. திண்ணை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று ஒரு பாட்டியை நிற்கவைத்து அளந்திருக்கிறாள். வரைவில் பின்னிணைப்பாக இருப்பது அந்தப் படம். கோபுரம் இப்போதைக்கு இல்லை.

முதல் பக்கத்தில் இருப்பது ஒரு பதிவேடு. யார் வீட்டுப் பிள்ளை எந்தப் படகில், எந்தத் துறைமுகத்தில் இருந்து, எத்தனை நாள் தங்கலுக்குப் போயிருக்கிறான் என்று எழுதும் நோட்டு. தொலைநோக்குத் திட்டத்துக்கு இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது கடலில் யார் யார் இருக்கிறார்கள் என்று முழுப் பட்டியல் ஒருவரிடமும் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டுக் கேட்டு எழுதினோம், எழுதியதையே அடித்து அடித்து எழுதினோம். அந்தப் புயலில் கணவரைத் தொலைத்த சகோதரி ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் வந்தார், இது முதலில் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் வைத்திருக்கிறோம், அம்மா. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதே நோட்டின் பின்பக்கம் சேர்த்திருக்கிறோம். காற்றே இல்லாத நாளில், எங்கோ தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை வந்து ஏறுவது அது. வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இனி கால்வாய்க்கு அந்தப்பக்கம். ஏவிஎம் கால்வாய் என்று நாம் சொல்வது அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். திருவாங்கூர் மகாராஜா காலத்தில், 1860இல், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகால் இணைக்கத் தொடங்கி, முடிக்காமலே நின்ற வேலை. இப்போது நம் ஊரில் அது இரண்டு பக்கத்துச் சாக்கடையும் சேரும் இடம். 1982இல் இந்துக்களுக்கும் கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு கடற்கரைக்காரர், உள்நாட்டுக்காரர் என்ற பேச்சோடுதான் என் வயதுக்காரர்கள் வளர்ந்தோம். கால்வாயைப் பற்றிப் பேச அவர்களைக் கூப்பிடலாமா என்பதற்கே இரண்டு கூட்டம் போனது. கூப்பிட்டோம். கோயில் கமிட்டி நாற்காலியும் மைக்கும் தந்தது, ஜமாஅத்தில் இருந்து பிரியாணி வந்தது, நம் பங்கின் தெருக்குழுவான அன்பியத்துப் பெண்கள் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் வைத்தார்கள். அந்தப்பக்கத்துக் கிணறுகளிலும் உப்பு ஏறுகிறது என்று அன்றுதான் நமக்குத் தெரிந்தது. தண்ணீர் சோதிக்கும் மீட்டரைக் கடன் தந்த ஃபில்டர் கடைக்காரருக்கும், கிணறு கிணறாகப் போய் எழுதிவந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நன்றி. கால்வாயைத் தூர்வாருவது பற்றி ஒருமித்த முடிவு வரவில்லை. வரைவில் இரண்டு கருத்தையும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

தன் மகன் கடலுக்குப் போகமாட்டான், போகவும் விடமாட்டேன், அவனுக்கு இந்தத் திட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்ட அக்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். படகு எஞ்சின், ஐஸ் ஆலை, வலை, மீன் பதப்படுத்துதல் என்று கரையில் கிடைக்கும் வேலைகளைப் பற்றிய பகுதி அவரால் வந்தது. அது போதாது என்று இன்னும் சொல்கிறார். போதாதுதான்.

பணம் அனுப்பியவர்களின் கணக்கு தேவாலயப் பங்கு அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. பெயர்ப்பலகை வைத்தால் பெரிய தொகை தருவதாகச் சொன்ன ஒரு நல்ல மனிதரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர் வருத்தப்படாமல் பலகை இல்லாமலே சின்னத் தொகை அனுப்பினார்.

ஒரு பாக்கி இருக்கிறது. பழைய கரையை வரைந்தது ஒரு கல்யாண ஃப்ளெக்ஸின் பின்பக்கத்தில். பாட்டாக்கள் எத்தனையோ நாள் மணமக்கள் முகத்தின் மேல் உட்கார்ந்துதான் சண்டை போட்டார்கள். ஆடி மழைக்கு எஞ்சினை மூட அதுதான் வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பித் தாருங்கள் என்று கொடுத்த தம்பி கேட்டிருந்தார். அதைத் தர முடியாது தம்பி, அதில்தான் கோடு இருக்கிறது. அதே அளவில் புதுத் தார்ப்பாய் ஒன்று வாங்கி வலைக்கூடத்தில் வைத்திருக்கிறோம். மழைக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளவும்.