அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவிலும் வட்டார விளையாட்டுப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசுகளோடு வந்தார்கள். பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றன. தண்ணீர்த் தொட்டி பழுது பார்த்தாகிவிட்டது. விடைத்தாள்கள் ஜனவரியில் பள்ளி திறந்ததும் கைக்கு வரும். எல்லோருக்கும் பாராட்டு.

அப்புறம், நூலகம். இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டு மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவில், முன்னாள் மாணவர்கள் தந்த பணத்தில் பிள்ளைகளுக்கான மொழிபெயர்ப்புப் புத்தகங்களாகப் பார்த்து வாங்கினோம். ஜப்பானிலிருந்து வந்த டோட்டோ-சான், பிரெஞ்சிலிருந்து வந்த குட்டி இளவரசன், கிர்கீசிய நாட்டுக் கதையான முதல் ஆசிரியர், மலையாளத்திலிருந்து யூமா வாசுகி கொண்டுவந்த சிறார் கதைகள் என்று ஒரு அலமாரி நிறைந்தது. ஹாரி பாட்டருக்கு இன்றும் வரிசை நிற்கிறது. வெள்ளிக்கிழமை நூலக வகுப்பில் ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துப் போய் அடுத்த வாரம் திருப்பித் தர வேண்டும். நடைமுறை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பிள்ளைகளின் பள்ளி டைரிகளில் உங்கள் குறிப்புகள் வரத் தொடங்கின. தேர்வு நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெயரே வாயில் நுழையாத வெளிநாட்டுக் கதைகளுக்குப் பதில் நம் கதைகளைத் தரக்கூடாதா என்று சிலர். கதையில் சாவு வருகிறது, பிள்ளை இரவெல்லாம் அழுதாள் என்று ஒரு வீட்டிலிருந்து வந்தது. இவை எல்லாமே பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில் எழுதியவை என்று எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் புத்தகங்கள் அத்தனையும் தமிழில் இருக்கின்றன. பக்கம் பக்கமாகத் தமிழ் வாசிக்கிற பிள்ளை வினாத்தாளில் ஒரு பத்தியைக் கண்டு மலைப்பதில்லை. எங்கள் தமிழாசிரியர்கள் இதை வகுப்பில் தினமும் பார்க்கிறார்கள்.

நம் கதைகள் வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அவற்றுக்குத் தனி அலமாரியே இருக்கிறது, அதில் ஒரு புத்தகமும் குறையவில்லை. ஆனால் பஞ்சதந்திரம் இங்கிருந்து 6ஆம் நூற்றாண்டிலேயே பாரசீகத்துக்குப் போய், அடுத்து அரபிக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் போனது மொழிபெயர்ப்பில்தான். நாம் சிரித்துச் சிரித்துப் படித்த பரமார்த்த குரு கதையை எழுதியவர், இத்தாலியிலிருந்து வந்து மதுரை மிஷனில் பணியாற்றிய வீரமாமுனிவர். நம் வீட்டுத் தாத்தாக்களைக் கேட்டால் நியூ செஞ்சுரி பதிப்பகத்தின் புத்தக வேனில் மலிவு விலைக்கு வாங்கிய, தமிழில் வந்த ரஷ்யப் புத்தகங்களைப் பற்றிச் சொல்வார்கள். மதுரைக்கு இது புதுப் பழக்கம் இல்லை.

முதல் ஆசிரியர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதியது. 1924இல் ஒரு மலை கிராமத்துக்கு, தானே அரைகுறையாகப் படித்த ஓர் இளைஞர் வந்து, பழைய குதிரை லாயத்தைச் சுத்தம் செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறார். உழைத்துப் பிழைக்கிற நமக்குப் படிப்பு எதற்கு என்று ஊர் கேட்கிறது. உறைய வைக்கும் ஓடையில் அவர் சின்னப் பிள்ளைகளை முதுகிலும் கையிலும் சுமந்து அக்கரை சேர்க்கிறார். குதிரையில் போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, யாருமில்லாத அல்தினாய், பின்னாளில் பெரிய கல்வியாளர் ஆகிறாள். இதைப் படித்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், மழைக்காலத்தில் தன் அப்பா தன்னைத் தோளில் தூக்கிக் கண்மாய்க் காலைத் தாண்டியதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அவன் இதுவரை தானாக எதுவும் எழுதியதில்லை. கிர்கீசியப் பெயர்கள் அவனுக்குத் தடையாகவே இல்லை.

சாவு வருகிற கதை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். டோட்டோ-சான் 1981இல் ஜப்பானில் வெளிவந்தது. தெத்சுகோ குரோயாநாகி தன் சிறுவயதை எழுதியிருக்கிறார். முதல் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு அனுப்பப்பட்ட சிறுமியை, ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி சேர்த்துக்கொள்கிறார். அவளுக்கு யாசுவாகி என்று ஒரு நண்பன், போலியோவால் பாதிக்கப்பட்டவன். யாருக்கும் தெரியாமல் ஏணி கொண்டுவந்து, வியர்க்க விறுவிறுக்க அவனைத் தன் மரத்தில் ஏற்றிவிடுகிறாள். அவனுக்கு அது வாழ்க்கையில் முதல் மரம். பிறகு அவன் இறந்துபோகிறான். அவன் படிக்கக் கொடுத்த புத்தகம் அவளிடமே நின்றுவிடுகிறது. அந்தப் பள்ளியும் 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோகிறது.

ஆமாம், அழ வைக்கும். நம் பிள்ளைகளில் தாத்தாவையும் அப்பத்தாவையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அப்பாவை இழந்தவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி வீட்டில் யாரும் அவர்களிடம் பேசுவதில்லை, பெரியவர்களுக்கே தாங்க முடியாத துக்கம் என்பதால். கதையில் இன்னொரு சிறுமி அதே துக்கத்தோடு நடந்து போவதைப் பார்க்கும்போது அவர்களுக்கு ஒரு துணை கிடைக்கிறது. அழுத பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கதை என்று கேளுங்கள். சொல்வாள்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்தப் புத்தகம் சென்ற வாரம் திரும்பி வந்தபோது யாசுவாகி இறந்துபோகும் பக்கங்கள் பிளேடால் அறுக்கப்பட்டிருந்தன. அதே வாரம், நூலகப் பொறுப்பு ஆசிரியையைப் பள்ளி வாசலில் பிள்ளைகள் முன்னால் ஒருவர் சத்தம் போட்டுப் பேசினார். இந்த இரண்டையும் நான் அனுமதிக்க முடியாது. உங்கள் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பக்கத்தை அறுக்கும்போது அடுத்த வாரம் அந்தப் புத்தகத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கும் நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். அந்த உரிமை யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆசிரியை அந்த அலமாரியில் ஒவ்வொரு புத்தகத்தையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் வகுப்பு வாரியாகப் பிரித்து வைத்தார். ஆன் ஃபிராங்க் டைரிக் குறிப்பு போன்றவை ஒன்பதாம் வகுப்புக்கு மேல்தான். குறை இருந்தால் என் அறைக்கு வாருங்கள், மாலை நாலரை வரை இருப்பேன்.

யார் செய்தது என்று விசாரிக்கப் போவதில்லை. வேறு பிரதி வாங்கிவிட்டோம். ஜனவரியிலிருந்து, ஒரு புத்தகம் வேண்டாம் என்று தோன்றினால் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். காரணம் கேட்காமல் வேறு புத்தகம் தருவோம். எழுதும் முன் நீங்கள் அதை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். சனிக்கிழமை காலையில் நூலகம் பெற்றோருக்கும் திறந்திருக்கும். குட்டி இளவரசனில் தொடங்கலாம்; பிரெஞ்சிலிருந்தே நேரடியாகத் தமிழுக்கு வந்தது, ஒரே மாலையில் முடித்துவிடலாம். விடுமுறையில் நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அங்கே சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

நன்றி சொல்லவும் நிறைய இருக்கிறது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் ஓர் அம்மா, தனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் இரவில் பூக் கட்டும்போது மகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறாராம். வாரம் ஒரு புத்தகம் போதவில்லை, இரண்டாகத் தாருங்கள் என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். தந்துவிட்டோம். கிழிந்த அட்டைகளை ஒட்டித் தரும் அச்சகத்துக்கார அப்பாவுக்கும், குறையை டைரியில் மரியாதையாக எழுதி அனுப்பிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

விடுமுறைக்கு எடுத்துச் சென்ற புத்தகங்களைப் பள்ளி திறக்கும் நாளிலேயே கொடுத்தனுப்புங்கள். பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்