டிசம்பர் முதல் வாரமே கேரல் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கேரல் சத்தம்தான். அன்பியம் (பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு), பாடகர் குழு, இளைஞர் இயக்கம் என்று ஆளுக்கொரு குழு முதல் வாரமே கிளம்பிவிடுகிறது. கிறிஸ்மஸ் தாத்தா, டிரம்ஸ், காணிக்கைப் பெட்டி, பிள்ளைகளுக்கு மிட்டாய். நான் குறை சொல்லவில்லை. நடமாட முடியாத பெரியவர்கள் பலருக்கு அந்தக் குழு வாசலில் வந்து பாடும் கொஞ்ச நேரம்தான் கிறிஸ்மஸே. ஆனால் கிறிஸ்மஸுக்கு முன்னால் உள்ளத்தைத் தயாரிக்கத் திருவருகைக் காலம் என்று ஒன்று இருப்பது நமக்கு நினைவில் இருக்கிறதா?

நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளை ஒட்டி வரும் ஞாயிறு தொடங்கி நான்கு ஞாயிறுகள். குருவானவர் ஊதா உடை அணிகிறார். ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் கிடையாது. பெத்லகேமில் வானதூதர்கள் பாடிய அந்தப் பாட்டை ஆலயத்துக்குள் கிறிஸ்மஸ் இரவுவரை நிறுத்தி வைக்கிறோம். வெளியே வந்து ஒலிபெருக்கியில் முதல் வாரமே பாடித் தீர்த்துவிடுகிறோம்.

வாசகங்களைப் பாருங்கள். முதல் ஞாயிறு விழித்திருக்கச் சொல்கிறது. அடுத்த இரண்டு ஞாயிறும் பெரும்பாலும், இயேசுவுக்கு முன்னால் வந்து மக்களை மனம் மாறச் சொன்ன திருமுழுக்கு யோவானுக்கே. டிசம்பர் 17-க்குப் பிறகுதான் வழிபாடு நேரடியாகப் பிறப்பின் பக்கம் திரும்புகிறது. இடையர்களும் தீவனத் தொட்டியும் அதற்கும் அப்புறம். யோவானிடம் மக்கள் “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். வரி வசூலிப்பவர்களிடம், குறித்த தொகைக்கு மேல் வாங்காதீர்கள் என்றார். படைவீரர்களிடம், யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், கிடைக்கும் சம்பளம் போதும் என்றிருங்கள் என்றார். லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. உள்ளத்தைத் தயாரிப்பது என்றால் இவ்வளவு கறாரான வேலை. வட்டிக்கு விடுபவர், வேலையாளுக்குக் கூலி பாக்கி வைத்திருப்பவர் என்று அவரவர் கணக்கை அவரவரே அதில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கம் சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரே கேரல் குழுவில் அண்ணன் டிரம்ஸ் அடிப்பார், தம்பி நோட்டில் காணிக்கை எழுதுவார். சமாதானப் பாட்டை இருவரும் சேர்ந்தே பாடுவார்கள். குழு தம்பி வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் அண்ணன் டிரம்ஸை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றுகொள்வார். யாரும் எதுவும் கேட்பதில்லை, அது ஊருக்கே பழகிப்போய்விட்டது.

குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம்? அது 24-ஆம் தேதி சாயங்காலம். ஒரு பக்கம் மைக் டெஸ்டிங், இன்னொரு பக்கம் பாடகர் குழுவின் கடைசி ஒத்திகை, ஏணியில் ஏறி சீரியல் பல்பு கட்டும் பையன்கள். நடுவே ஒரே குருவானவர், அவருக்கு முன்னால் வாசல்வரை வரிசை. ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். அந்த ஒரு நிமிடத்தில் அண்ணன் தம்பி வழக்கையெல்லாம் எப்படிச் சொல்லி முடிப்பது?

முதல் இரண்டு வாரத்திலேயே மாலை நேரங்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஏற்பாடு செய்யலாம். அன்பியக் கூட்டங்களில் கேரல் வசூல் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, பேசாதிருக்கும் குடும்பங்களைப் பேசவைக்க இரண்டு பெரியவர்களை அனுப்பலாம். கேரலை 17-ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம், 25-க்குப் பிறகு என்றால் இன்னும் நல்லது. கிறிஸ்மஸ் காலம் ஜனவரியில் ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவரை நீள்கிறது. நாமோ 26-ஆம் தேதியே களைத்துப் படுத்துவிடுகிறோம்.

உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். நவம்பர் கடைசியிலேயே கேக் செய்முறையும் குடில் போட்டி அறிவிப்பும் வந்துவிடுகின்றன. அடுத்த முறை முதல் இரண்டு வாரம் அந்தப் பக்கத்தை அந்தந்த ஞாயிறு வாசகத்துக்குக் கொடுங்கள். கேக் செய்முறை 20-ஆம் தேதி வந்தாலும் எங்கள் வீட்டில் சமாளித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்