அசாயேவில் நின்ற நம் சிப்பாய்கள்

நாட்டிங்ஹாம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா முட்டி வலிக்கு டாக்டரைப் பார்த்தார்களா என்று தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. வேலையில் குறை ஒன்றும் இல்லை.

போன வாரம் போனில், ஞாயிற்றுக்கிழமையானால் எங்கே போய்விடுகிறாய் என்று கேட்டீர்கள். பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பழைய போர்களை ஆடிப் பார்க்கிறோம் என்றேன். "இந்த வயசிலா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் துப்பாக்கி பிடித்தவருக்கு அப்படித்தான் தோன்றும். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

தாக்குதலுக்கு முன்னால் தரையில் மணலால் நிலத்தின் மாதிரி, அதாவது சாண்ட் மாடல் போட்டு, இது குன்று, இது நாலா (ஓடை), இந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று காட்டுவார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். நாங்கள் செய்வதும் அந்த வழியில் வந்ததுதான். 1824-ல் பிரஷ்யப் படையில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, வரைபடத்தின் மேல் சிறு கட்டைகளை நகர்த்தி, பகடை உருட்டி, நடுவர் தீர்ப்புச் சொல்லும் முறை ஒன்றை வெளியிட்டார். அதிகாரிகளுக்குப் பயிற்சி தர அந்தப் படை அதை எடுத்துக்கொண்டது. இன்று இங்கே டாக்டர், வாத்தியார், பஸ் டிரைவர் எல்லோரும் வாரக் கடைசியில் மேசையைச் சுற்றி நின்று ஆடுகிறார்கள்.

அதற்கு நாட்டிங்ஹாமைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இந்த மாதிரிப் பொம்மைகள் செய்யும் கேம்ஸ் வொர்க்ஷாப் கம்பெனியின் தலைமையகம் இங்கேதான். அவர்கள் செய்வது கற்பனை உலகப் போர்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் பிரிந்து வந்து, சரித்திரப் போர்களுக்கான பொம்மைகள் செய்யும் கம்பெனிகளை இதே வட்டாரத்தில் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி வந்தவர்களில் பெர்ரி சகோதரர்கள் இரட்டையர்கள், இருவரும் பொம்மை செதுக்கும் சிற்பிகள். அதில் மைக்கேல் பெர்ரி, பழைய போரை நடித்துக் காட்டும் ஒரு நிகழ்ச்சியில் பீரங்கி விபத்தில் வலது கையை இழந்தவர். இடது கையால் செதுக்கப் பழகி, மறுபடியும் வேலைக்கு வந்துவிட்டார். அவர்கள் செய்த பொம்மை ஒன்றைக் கையில் எடுத்தால் அதன் மடிப்புகளை எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

பொம்மை என்றால் கட்டை விரலில் பாதி உயரம்தான், 28 மில்லிமீட்டர். பிசிறைக் கத்தியால் சுரண்டி, கை, தலை, துப்பாக்கியை ஒட்டி, ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அப்புறம்தான் பெயின்ட். நான் இப்போது செய்துகொண்டிருப்பது 1803-ஆம் வருஷத்து மதராஸ் சிப்பாய்கள். சிவப்புக் கோட்டு, தொடை வரைக்கும் வெள்ளை அரைக்கால் சட்டை, அதற்குக் கீழே வெறுங்கால், கருநீலத் தலைப்பாகை. எங்கள் ஆட்டக் குழுவில் பலர் இந்தியத் தோலுக்கு ஒரே பழுப்பு நிறப் புட்டியைத் திறந்து எல்லா முகத்துக்கும் அடித்துவிடுவார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. நம் தெருவில் நாலு பேர் சேர்ந்து நின்றால் நாலு நிறம் இருக்குமே. கருப்பில் கொஞ்சம் சிவப்பு, மாநிறத்தில் கொஞ்சம் மஞ்சள் என்று ஒவ்வொரு முகத்துக்கும் தனியாகக் கலக்கிறேன். மேலே தண்ணியான கரும்பழுப்பை ஓடவிட்டால் கண்குழியிலும் தாடைக்குக் கீழேயும் தங்கி நிழல் விழும். கடைசியில் மூக்கு நுனியிலும் விரல் முட்டியிலும் இளநிறம் ஒரு தொடல். அந்த ஒரு தொடலில் ஆள் உயிரோடு வந்துவிடுகிறான்.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மராட்டியரோடு மோதிய அசாயே போர் உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் தொப்பி பேட்ஜில் இருக்கும் யானையே அந்தப் போருக்காகக் கிடைத்தது. ஆனால் மேசையில் வைத்துப் பார்க்கும்போது அது எவ்வளவு துணிச்சல் என்று தெரிகிறது. 1803 செப்டம்பர் 23. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லியிடம் சுமார் 4,500 பேரைக் கொண்ட முதன்மைப் படை. எதிரே மராட்டிய அரசர்களான சிந்தியா, பேரார் ராஜா இருவரின் பெரும்படை. அதில் போல்மன் என்ற ஜெர்மானியர் பழக்கிய காலாட்படை மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல், நூறு அளவில் பீரங்கிகள். நடுவே கைட்னா ஆறு. ஆற்றைக் கடக்க வேறு துறையே இல்லை என்று வழிகாட்டிகள் சாதித்தார்கள். இரு கரையிலும் எதிரெதிராக இரண்டு கிராமம் இருப்பதை வெல்லெஸ்லி பார்த்தார். எதிரெதிரே ஊர் இருந்தால் போக வர வழி இல்லாமலா இருக்கும்? துறை இருந்தது. கடந்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்டத்தில் கமாண்டர் உத்தரவை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் இரண்டு பகடையை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அவருடைய திறமைக்குரிய எண்ணுக்குள் வந்தால் படை நகரும். மீறினால் உத்தரவு போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். இரண்டும் ஆறாக விழுந்தால் தப்பான பக்கம்கூடப் போய்விடும். கேட்க விளையாட்டாக இருக்கிறது. ஆனால் அசாயேவில் வலது பக்கத்துக் காவல் அணியும் அதன் பின்னாலேயே 74-ஆம் ஹைலேண்டர்கள் என்ற ஸ்காட்லாந்துப் படையும் திசை மாறி, பீரங்கிகள் நிறைந்த அசாயே கிராமத்தை நோக்கியே நடந்துபோய்ச் சிதைந்தார்கள். குதிரைப்படை பாய்ந்துதான் மிச்சப் பேரைக் காப்பாற்றியது. சிந்தியாவின் பீரங்கிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சங்கீன் (துப்பாக்கி முனைக் கத்தி) நெஞ்சுக்கு வரும்வரை பீரங்கியை விடவில்லை. செத்ததுபோல் கிடந்து, வரிசை தாண்டிப் போனதும் எழுந்து பின்னாலிருந்து சுட்டார்கள். வெல்லெஸ்லி திரும்பி வந்து அதே பீரங்கிகளை இரண்டாம் முறை பிடிக்க வேண்டியிருந்தது. வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற பிறகும், தான் களத்தில் செய்ததில் சிறந்தது எது என்று கேட்டவருக்கு அவர் அசாயே என்றுதான் பதில் சொன்னார்.

லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி செய்த வாட்டர்லூ போர்க்கள மாதிரி இருக்கிறது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிச் சிப்பாய்கள். அதைச் செய்ய அவர் போர்க்களத்துப் பண்ணை வீட்டிலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடு இருந்த அதிகாரிகளுக்கெல்லாம், நீங்கள் எந்த நேரத்தில் எங்கே நின்றீர்கள் என்று கடிதம் போட்டு விசாரித்தார். அதன் முன்னால் நின்றபோது எனக்கு நம் ஆட்களின் நினைப்புத்தான். அசாயேவில் அந்தக் குண்டு மழைக்குள் நடந்துபோன மதராஸ் பட்டாலியன்களிடம் இப்படி ஒருவர் கேட்டிருந்தால்! நான் படித்த புத்தகங்களில் ஹைலேண்டர்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. நம்மவர்கள் வெறும் பட்டாலியன் நம்பராக வந்து போகிறார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சண்டை போட்டவர்கள்தானே, அவர்களுக்கு என்ன பெருமை என்று நீங்கள் கேட்கலாம். அதையும் யோசித்தேன். மூன்று வருஷம் கழித்து, 1806 ஜூலை 10-ல், நம் வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்களும் இதே மதராஸ் படையின் சிப்பாய்கள்தான். புதுத் தலைப்பாகையைப் போட வேண்டும், நெற்றியில் குறி கூடாது என்ற உத்தரவு அதற்கு ஒரு காரணம். அதனால்தான் தலைப்பாகை விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். 1803-ல் அவர்கள் தலையில் இருந்தது பழைய தலைப்பாகை. இன்னொன்றும் இருக்கிறது. அசாயேவில் நம் சிப்பாய்களோடு சேர்ந்து குதிரை விட்ட 19-ஆம் லைட் டிராகூன்கள் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படைதான், ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற அதிகாரியின் தலைமையில் வந்து வேலூரில் சிப்பாய்களைக் கொன்று குவித்தது. ஒரே மேசையில் தோளோடு தோள் நிற்க வைத்த இரண்டு படைகளையும் அடுத்த ஆட்டத்தில் எதிரெதிரே நிறுத்த வேண்டும். இதைக் குழுவில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர்தான், "அப்படியானால் வேலூரையும் செய்வோம்" என்றார்.

இங்கே பக்கத்தில் நியூவார்க்கில் பார்ட்டிசான் என்று ஒரு கண்காட்சி நடக்கும். நாடு முழுக்க இருந்து குழுக்கள் தாங்கள் செய்த போர்க்களங்களைக் கொண்டுவந்து விரிப்பார்கள். அங்கே ஒரு நாள் நம் கோட்டையை வைக்க வேண்டும் என்று ஆசை.

அதற்கு உங்கள் உதவி வேண்டும் அப்பா. காலையில் கோட்டைப் பக்கம் நடக்கப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலை நேராகவும் பக்கவாட்டிலும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அகழித் தண்ணீர் மட்டத்திலிருந்து மதில் எத்தனை ஆள் உயரம் இருக்கும், மேலே எத்தனை பேர் வரிசையாக நின்று சுட இடம் இருக்கும் என்று உங்கள் கண்ணுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். கில்லெஸ்பியைக் கயிறு கட்டி மதில் மேல் தூக்கினார்கள் என்று படித்தேன். நீங்கள் உள்ளே காவலுக்கு நின்றிருந்தால் எந்த இடத்தில் ஆள் போட்டிருப்பீர்கள்? அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். வேறு யாரிடமும் கேட்டு எனக்கு அது கிடைக்காது.

இந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் மகன்