வறளும் வாயைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டிய இடத்தில், இரண்டு சொத்தைகள் தெரிகின்றன. காலமெல்லாம் பல் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், சொத்தை விழுந்திருப்பதைவிட அது விழுந்திருக்கும் இடம்தான் என்னை யோசிக்க வைக்கிறது. நாக்கடிச் சுரப்பிகளின் உமிழ்நீர் ஓயாமல் நனைத்துக்கொண்டிருப்பதால், அந்தப் பற்கள் எளிதில் கெடுவதில்லை. உனக்கு அங்கேயே கெட்டிருக்கிறது என்றால், உமிழ்நீர் குறைந்து சில காலம் ஆகியிருக்க வேண்டும்.

நாளுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர், உணவுத் துணுக்கைக் கழுவுவதோடு அமிலத்தைத் தணித்து, பல் இழந்த கால்சியத்தையும் திருப்பித் தருகிறது. மனம் பதறும்போது, நீர்த்த உமிழ்நீரைச் சுரக்கச் சொல்லும் நரம்புகளை மூளை அடக்கிவிடுகிறது. மிஞ்சுவது பிசுபிசுப்பான கோழைதான். அந்தக் காலத்தில், குற்றம் சாட்டப்பட்டவரை அரிசியை மென்று துப்பச் சொல்லி, அது உலர்ந்து வந்தால் குற்றவாளி என்று முடிவுகட்டும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. பயந்த நிரபராதிக்கும் வாய் வறளத்தான் செய்யும் என்பதால், அது என்ன நியாயமோ!

தேர்வுக்கு முன் வறளும் வாய் தேர்வு முடிந்ததும் ஈரமாகிவிடும். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலையை நினைத்தே விழித்துக் கிடக்கும் உனக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை. போதாததற்கு, வறட்சிக்கு மருந்தென்று நினைத்து நாள் முழுக்க எலுமிச்சைச் சாற்றை உறிஞ்சுவதும், படுக்கும்போது சர்க்கரை மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வதும்தான் எனக்குப் பெரிய கவலை. வாயின் அமிலத்தன்மை ஏறி, பிஹெச் அளவு (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். உறக்கத்திலோ எல்லோருக்குமே உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும் என்பதால், அந்த மிட்டாயின் இனிப்பு விடியும்வரை பல்லோடு கிடக்கும். வெறும் தண்ணீரை அவ்வப்போது ஒரு வாய் குடி. மெல்ல ஏதாவது வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாத சூயிங்கம் போதும். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பானை ஒதுக்கிவிடு. காலையில் தாடை வலிக்கிறது என்றாயே, இரவில் பல்லைக் கடிக்கிறாயோ என்னவோ, அதையும் மருத்துவரிடம் காட்டு.

இன்னொன்று, பழியை முழுக்க மனஅழுத்தத்தின் மேலேயே போட்டுவிடவும் கூடாது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் பல வாயை வறளச் செய்பவை. ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும் அப்படித்தான். ஆனால் நீயாக எதையும் நிறுத்திவிடாதே. எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால், அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார். ரத்தச் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடு. கண்ணும் சேர்ந்து உறுத்தினால் உடனே சொல், அது வேறு நோயாக இருக்கலாம்.

சொத்தையை அடைக்கப் போகும்போது, ஃப்ளூரைடு பூசலாமா என்று கேள். மருந்துச் சீட்டைப் படமெடுத்து இன்றே அனுப்பு.

அன்புடன்,
அப்பா